வானொலிக்கு ஏற்ற மின்கலம்



வானலை விலையின்றி வருவது. இரவென்றும் பகலென்றும் பாராது, வேலியையும் கூரையையும் கடந்து அது வீட்டினுள்ளே வந்து நிற்கிறது. ஆயினும் அதனைக் குரலாக மாற்றித் தருவதற்கு ஒரு பெட்டி வேண்டும். அப்பெட்டிக்கு உயிரூட்ட மின்சாரம் வேண்டும். சுவரிலுள்ள மின்னிணைப்பு அற்றுப்போனால், எஞ்சுவது மின்கலம் ஒன்றே. எத்தகைய மின்கலத்தைத் தேர்வது என்பது அற்பமான வினாப்போலத் தோன்றும். ஆனால், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் ஒரு காலத்தில் அவ்வினாவுக்கு விடை காண்பதில் தம் அறிவு முழுவதையும் செலவிட வேண்டியிருந்தது.

வால்வு வானொலிகளின் காலத்தில், மின்சாரம் எட்டாத ஊர்களிலே ஒரு பெட்டிக்கு இருவகை மின்கலங்கள் தேவைப்பட்டன. வால்வின் இழையைச் சூடாக்கத் தாழ்ந்த அழுத்தமுடைய ஒன்று. ஒலியை உண்டாக்கத் தொண்ணூறு வோல்ற்று வரையான உயர் அழுத்தமுடைய மற்றொன்று. 1947 இல் திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதன் பின்னர் இந்தப் பாரம் நீங்கிற்று. ரோச் விளக்குக்கு இடும் சாதாரண பற்றரிகள் நான்கு இருந்தால் போதும் என்ற நிலை வந்தது. நான்கையும் தொடராக அடுக்கினால் ஆறு வோல்ற்று கிடைக்கும். இந்த ஆறு என்ற எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. அங்கே கொண்டுசெல்லக் கூடாதெனத் தடுக்கப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்றாயிற்று. வெடிபொருள்களை இயக்க அது பயன்படும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். மண்ணெண்ணெயும் அருகிப் போயிற்று. ஜாம் போத்தலினுள் சிறு திரியிட்டு எரித்த விளக்கின் ஒளியிலே பிள்ளைகள் படித்தனர். அத்தகைய நாள்களிற் செய்தி என்பது பொழுதுபோக்கன்று. எந்த வழி திறந்திருக்கிறது, எந்தப் பகுதியை விட்டு நீங்க வேண்டும், வெளியூரிலுள்ள பிள்ளை நலமாயிருக்கக்கூடுமா என்பனவெல்லாம் அந்தச் சிறு பெட்டியின் வாயிலாகவே அறியத்தக்கனவாயின. ஆதலின் ஒரு பழைய பற்றரியையும் எவரும் குப்பையில் எறிந்தாரல்லர்.

செத்துப்போன பற்றரியை வெயிலிற் காயவைத்து மீண்டும் பெட்டியில் இட்டனர். அது சிறிது நேரம் பேசிற்று. இது மந்திரமன்று. உலர்மின்கலத்தின் உறை நாகத்தால் ஆனது, நடுவே கரிக்கோல், இடையே மங்கனீசு ஈரொட்சைட்டும் நவச்சாரக் கூழும். மின்கலம் ஓயாது உழைக்கும்போது, தாக்கத்தின் விளைபொருள்கள் உள்ளே தேங்கி வழியை அடைக்கின்றன. ஓய்வு கொடுத்தால் அவை மெல்லப் பரவி விலகுகின்றன. இளஞ்சூடு அதனை விரைவாக்குகிறது. அடியிலே துளையிட்டு உப்புநீர் ஊற்றியோரும் உண்டு. உலர்ந்த கூழ் ஈரம்பெற, மின் சிறிது ஓடும். ஆயினும் தேய்ந்த நாகம் விரைவிற் பொத்துப்போய், கசிவு பெட்டியின் தொடுமுனைகளை அரித்துவிடும். நெருப்பிற் காட்டினாலோ பற்றரி வெடிக்கவுங் கூடும்.

இங்கே ஓர் உண்மை விளங்கிற்று. அழுத்தமானியால் அளக்கும்போது பழைய பற்றரியும் நல்லதுபோலவே காட்டும். வேலை கொடுத்த கணமே தளர்ந்துவிடும். அதன் அகத்தடை பெருகியிருப்பதே காரணம். ஆகவே, சிறு மின்குமிழ் ஒன்றை இணைத்து, அது எத்தனை நேரம் மங்காமல் எரிகிறது என்று பார்ப்பதே நேர்மையான பரிசோதனை. சுமை ஏற்றிப் பாராமல் மின்கலத்தின் வலிமையை மதிக்கலாகாது.

பழைய பற்றரிகளும் தீர்ந்தபோது, துவிச்சக்கரவண்டி கைகொடுத்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பர். ஆனால் இந்த இலுப்பைப்பூ, சர்க்கரைக்குத் தாழ்ந்ததன்று. வண்டியின் விளக்குக்குரிய டைனமோ, ஆறு வோல்ற்று மூன்று வாற்று அளவினது. முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன அதே ஆறு! வண்டியை நிறுத்தியில் ஏற்றி, ஒருவர் கையால் மிதியைச் சுழற்ற, ஏனையோர் செவிமடுத்தனர்.

எனினும் இணைப்பு அத்துணை எளிதன்று. டைனமோ தருவது ஆடலோட்டம். பெட்டி வேண்டுவது நேரோட்டம். இருவாயிகள் நான்கினால் ஓட்டத்தை ஒருதிசைப்படுத்தி, கொள்ளளவியால் அதன் ஏற்றத்தாழ்வைத் தணிக்க வேண்டும். இன்றேல் செய்தியுடன் இரைச்சலும் சேர்ந்து வரும். மற்றோர் இடரும் உண்டு. விளக்கைவிட வானொலி மிகக் குறைந்த மின்னையே உண்ணும். விளக்கைக் கழற்றிவிட்டு விரைந்து சுழற்றினால், அழுத்தம் ஆறைத் தாண்டி எகிறிப் பெட்டியைக் கெடுத்துவிடும். விளக்கும் எரிய, சீராகவும் மெதுவாகவும் சுழற்றுவதே நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் பழகியது சிக்கனம். செய்தி நேரத்துக்கு மாத்திரமே பெட்டி திறக்கப்பட்டது. பி.பி.சி. தமிழோசைக்காக அயலவர் ஒரு வீட்டிற் கூடினர். ஒலியைத் தாழ்த்தி, நெருங்கி அமர்ந்து கேட்டனர். ஒலி கூடுந்தோறும் மின்கலம் விரைந்து தேயும் என்பதைச் சிறுவரும் அறிந்திருந்தனர்.

அந்நாள்கள் கழிந்தன, பாடம் கழியவில்லை. இன்று வானலையால் இயங்கும் மாதிரி விமானத்தைச் செய்யும் மாணவனை எண்ணிப் பாருங்கள். அதனுள்ளும் ஒரு வானலைவாங்கி இருக்கிறது. நிக்கல் மின்கலங்கள் நான்கு அதற்கு 4.8 வோல்ற்று தரும். பாரம் குறையட்டும் என்று மிகச் சிறிய மின்கலத்தை அவன் தேரக்கூடும். இறக்கையையும் வாலையும் திருப்பும் சிறு மோட்டார்கள் யாவும் ஒருங்கே இழுக்கும்போது அழுத்தம் சரியும், வாங்கி செவிடாகும், விமானம் எவர் தலையிலும் விழலாம். தரையில் வைத்தே மோட்டார்கள் அனைத்தையும் ஒருங்கே இயக்கி அழுத்தத்தை அளந்தபின் பறக்கவிடுவதே முறை. இதுவும் சுமை ஏற்றிப் பார்க்கும் அதே பரிசோதனைதான்.

வீடுகளுக்கும் இது பொருந்தும். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. புயல் வரும் நாளிலும் அவ்வாறு நேரலாம். ஆகையால், மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும். நெடுநாள் வைத்திருக்கக் காரமின்கலம் ஏற்றது. வாங்கும்போது உறையிலுள்ள திகதியைப் பாருங்கள். பழையதையும் புதியதையும் கலந்து இடாதீர்கள். பயன்படுத்தாதபோது பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை பெட்டியை இயக்கிச் சிறிது நேரம் கேட்டுப் பாருங்கள்.

அன்று நான்கு பற்றரிகள் இல்லாமையால் ஓர் ஊரே சக்கரத்தைச் சுழற்ற நேர்ந்தது. இன்று அவை கடையில் கிடைக்கின்றன. கிடைக்கும் காலத்திலே தேர்ந்து வைப்பதே அறிவுடைமை.