மெலிந்த குழந்தையின் உடல் தேற
(மகளிர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



குழந்தை மெலிந்திருந்தால், வயிறு நிறையக் கஞ்சி ஊட்டுமாறு கூறுவது நம்மிடையே வழக்கம். ஆனால் குழந்தையின் வயிறு மிகச் சிறியது. நீர்த்த கஞ்சியால் அது விரைவில் நிரம்பிவிடும், உடலோ தேறாது. ஆகவே, உணவின் அளவைவிட அதன் செறிவே முக்கியமாகும்.

ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது. ஒரு கிராம் எண்ணெயோ 9 கலோரி தருகிறது. எனவே 6 மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன், கரண்டியிலிருந்து வழியாத கெட்டியான கேழ்வரகுக் கூழை ஊட்டுங்கள். அதில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும், வறுத்து நன்கு பொடித்த நிலக்கடலையும் கலவுங்கள். முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அதைக் கொடுத்தல் ஆகாது. குழைந்த பருப்பும் முட்டையும் தசையை வளர்ப்பன. 9 மாதம் முதல் நாளொன்றுக்கு 3 அல்லது 4 வேளை உணவும், இடையே வாழைப்பழம் போன்ற சிற்றுணவும் தேவை.

மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்த்து வாருங்கள். இவ்வாறு ஊட்டியும் எடை ஏறாவிடில், அல்லது இருமல் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தை உடனே நாடுங்கள். குடற்புழுவோ காச நோயோ காரணமாக இருக்கலாம். நோயைத் தீர்க்காமல் உணவு மட்டும் பயன் தராது.

நம் நிலத்தில் விளையும் கேழ்வரகும் கடலையுமே குழந்தையைத் தேற்ற வல்லவை. அவற்றை முறையறிந்து ஊட்டுவது நம் கடமையாகும்.