"முன்னே இப்படி இல்லையே"

இன்று பி.எட். பட்டம் பெறும் ஆசிரியர்களே!

நான் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர். பள்ளிப் பிள்ளைகள் பலர் நேராக என்னிடம் வருவதில்லை. வயிற்றுவலி, தலைவலி, மயக்கம் என்று ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்து, நடுவே மந்திரித்துக் கயிறும் கட்டிக்கொண்டு, கடைசியில்தான் எங்கள் ஓ.பி. வாசலுக்கு வருகிறார்கள். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். கயிற்றை நான் குறை சொல்வதில்லை. அந்தத் தாய்க்கு அது தைரியம். கயிறும் இருக்கட்டும், சிகிச்சையும் நடக்கட்டும் என்பேன்.

மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பருவம். அந்த வயதுப் பிள்ளையைப் பகலெல்லாம் பார்க்கப்போகிறவர்கள் நீங்கள்.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவளுடைய அம்மாவோடு சேர்ந்து அழைத்துவந்தவர் அவளது தமிழாசிரியை. கையில் அவளுடைய கட்டுரை நோட்டு. ஜூலையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். செப்டம்பரில் அரைப் பக்கம். அதன் பிறகு தேதியும் தலைப்பும் மட்டும், அதுவும் கோட்டை விட்டுச் சரிந்த எழுத்தில். மற்றவர்களுக்கு அவள் 'அமைதியான பொண்ணு, தொந்தரவே கிடையாது'. இந்த ஆசிரியை மட்டும், "முன்னே இப்படி இல்லையே சார்" என்றார். எங்களுக்கு அதைவிடப் பெரிய தடயம் வேண்டாம். அவளுக்கு இருந்தது மனச்சோர்வு.

அவளுக்கு மாத்திரையும் கொடுத்தோம், ஆலோசனையும் கொடுத்தோம். இந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு, மூன்று வாரமாவது ஆகும். பத்தாம் நாளே 'மருந்து கேக்கல' என்று நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம். இவள் விஷயத்தில் அந்த ஆசிரியை வாரந்தோறும் அம்மாவிடம் விசாரித்தார். அரையாண்டுத் தேர்வை அவள் எழுதினாள்.

உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவருக்குத் தூக்கம், சாப்பாடு, சிநேகிதம், படிப்பு இவற்றில் வந்த மாறுதல் இரண்டு வாரமாகியும் விலகவில்லையா? தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். பையன்களிடம் சோகம் கோபமாகவே வெளிப்படுவதுண்டு. சதா எரிந்துவிழுகிறவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துமுன் 'வீட்டில் என்னப்பா?' என்று ஒருமுறை கேளுங்கள். 'செத்துடலாம்னு தோணுதா?' என்று கேட்கவும் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஒருவர் வந்தாரே என்று அந்தப் பிள்ளைக்கு மூச்சு வரும். 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்துகொடுக்காதீர்கள்.

14416 என்ற எண்ணை இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவிச் சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து தற்கொலை முயற்சியை மறைக்கும் பெற்றோரிடம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைச் சொல்லுங்கள்: முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே சட்டம் கருதுகிறது. அவருக்குத் தண்டனையில்லை, சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது அரசின் கடமை. 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்பவர்களிடம் மட்டும் பொறுமையிழந்து பேசலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு நோய்க்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையையும் பணயம் வைக்கும் பேச்சு அது.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெட் எனும் தகுதித் தேர்வை எழுதி, ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.யின் அறிவிப்புக்குக் காத்திருந்து, குறைந்த சம்பளத்துத் தனியார் பள்ளியில் சில ஆண்டுகள் போகலாம். 'இன்னும் வேலை கிடைக்கலையா?' என்ற கேள்விக்குப் பயந்து விசேஷ வீடுகளுக்குப் போகாமல் இருப்பவர்களை என் ஓ.பி.யில் பார்க்கிறேன். காலையில் எழுந்திருக்கவே பிடிக்காமல் நாட்கள் போனால் வாருங்கள். சீட்டு வாங்கி வரிசையில் உட்காருங்கள். உயிருக்கு ஆபத்து போன்ற நிலை தவிர, எங்களிடம் சொல்வது எங்களோடு இருக்கும், சட்டமே அப்படித்தான் சொல்கிறது.