ஊர் தாண்டாமல் உலகம் எழுதியவர்



கனடாவின் வடக்கே, ஹட்சன் விரிகுடாப் பக்கம், காட்டோரமாக ஒரு கடை. கடைக்காரரின் உடல்நலம் குலைந்துவிடுகிறது. வீட்டில் சின்னஞ்சிறுசுகள். மகள் கேத்தரின் கடைப் பொறுப்பைக் கையில் எடுக்கிறாள். கணக்கு எழுதுகிறாள்; ஆற்றில் துடுப்புப் போட்டுப் போய்ச் சரக்கு கொடுத்துவிட்டு வருகிறாள். இது 'கனடாவிலிருந்து ஒரு கோமகள்' என்ற நாவலின் கதை; 1911இல் வெளிவந்தது. எழுதியவர் பெஸ்ஸி மார்ச்சன்ட்.

1862இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். ஒரு பாப்டிஸ்ட் போதகரை மணந்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே சார்ல்பரி என்ற சிற்றூரில் வாழ்ந்தார். எழுதிய புத்தகங்கள் ஏறத்தாழ 150. கதை நடக்கும் இடங்களோ சைபீரியா, ஆண்டிஸ் மலை, நியூ மெக்சிகோ, இந்திய எல்லைப்புறம். ஆனால் அவர் இங்கிலாந்தை விட்டு வெளியே போனதே இல்லை! ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகமும், வெளிநாடுகளில் இருந்தவர்கள் எழுதிய கடிதங்களும்தான் அவருக்குக் கப்பலும் ரயிலும்.

அந்நாளில் வீரதீரக் கதை என்றால் பையன்களுக்கு என்றே வைத்திருந்தார்கள். அதில் கொடிகட்டிப் பறந்தவர் ஜி. ஏ. ஹென்டி. மார்ச்சன்டை 'பெண்பிள்ளைகளின் ஹென்டி' என்றார்கள். எனக்கு அந்தப் பட்டம் போதவில்லை. ஹென்டியின் பையன்கள் போரைத் தேடிப் போகிறவர்கள். மார்ச்சன்டின் பெண்களைத் தேடி வருவது குடும்பப் பாரம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கையில் காசில்லை, தம்பி தங்கைகளுக்குச் சோறு போட வேண்டும். சாகசம் அங்கேதான் தொடங்குகிறது. முதல் உலகப் போர் வந்ததும் அவருடைய நாயகி ஆயுதத் தொழிற்சாலைக்கே வேலைக்குப் போனாள்.

குறை இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் பேரரசின் பெருமிதம் அவர் எழுத்தில் ஊறிக் கிடக்கிறது. அந்தந்த மண்ணின் மக்களை அவர் வெள்ளையர் கண்ணால்தான் பார்த்தார். அதை மன்னித்து வாசிக்கச் சொல்லமாட்டேன், கவனித்து வாசியுங்கள் என்பேன். பல கதைகள் கடைசியில் கல்யாணத்தில் போய் முடிவதும் எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் சம்பாதிக்கிற, முடிவெடுக்கிற பெண்ணை நூறு வருடத்துக்கு முன்பே சிறுமிகளின் கையில் கொடுத்தவர் அவர்.

1941இல் காலமானார். கேத்தரினின் கதை குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் வாசிக்கிற மகளோ பேத்தியோ வீட்டில் இருந்தால், அவளோடு சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.