வில்லும் கையதிர்வும்



கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலை தெல்தெனியாவைக் கடந்து, மலையேறி, ஹுன்னஸ்கிரிய என்னும் ஊரை அடைகின்றது. வடக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். கிழக்கே சாலை, பதினெட்டு வளைவுகள் என்று பெயர்பெற்ற இறக்கத்தில் இறங்கி, மகாவலி பாயும் சமவெளியிலே மகியங்கனையைச் சேர்கின்றது. அதற்கும் அப்பால் உள்ளது தம்பானை. வேடர் குலத்தாரின் ஊர்.

வேடரது வில் ஒரே மரக்கோலால் ஆன எளிய வில். இக்காலப் பயிற்சியாளர் பலர் விரும்பும், முனைகள் எதிர்ப்புறம் வளைந்த எதிர்வளைவு வில் அன்று. ஆயினும் அவ்வெதிர்வளைவு வில்லை எடுத்தவர்களை வருத்தும் ஒரு தொல்லைக்கு விடை தேடுவோர், வேடரின் அம்பைப் பார்த்துத் தொடங்குவது நன்று.

அத்தொல்லை யாது? நாணை விட்ட கணத்திலே, வில்லைப் பிடித்த கையில் ஓர் அடி விழுகின்றது. அதனைக் கையதிர்வு எனலாம். அது உள்ளங்கையில் தொடங்கி முழங்கைக்கும் தோளுக்கும் ஏறும். நாள்தோறும் நூறு அம்பு எய்யும் இளைஞனுக்குச் சில வாரங்களில் முழங்கை நோகத் தொடங்கும். தன் கைக்கு வலிமை போதாதென்று எண்ணி அவன் வில்லை இன்னும் இறுகப் பற்றுகின்றான். அடி மேலும் உறைக்கின்றது. பின்னர் அதற்கு அஞ்சி, எய்யும்போதே கை பின்வாங்குகின்றது, குறி தவறுகின்றது. இவ்வாறு வில்லையே மூலையில் சார்த்திவிடுவோரும் உளர். குற்றம் பெரும்பாலும் கையில் இல்லை.

உரலில் நெல் இருக்கும்போது உலக்கை மெத்தென்று இறங்கும். வெறும் உரலில் இடித்தால் கை விண்ணென்று தெறிக்கும். இரண்டிலும் உலக்கையின் வேகம் ஒன்றே; அதனை வாங்கிக்கொள்ளப் பொருள் இருந்ததா என்பதே வேறுபாடு. வில்லும் அத்தகையது. வளைந்த வில்லில் சேர்ந்த ஆற்றலில் அம்பு கொண்டு சென்றது போக, எஞ்சியது வில்லின் கரங்களிலும் நாணிலும் தங்கி அவற்றை உலுக்குகின்றது. அவ்வுலுக்கலே கையதிர்வு.

அமெரிக்க இயற்பியலாளரான ஹிக்மன், கிளாப்ஸ்டெக் ஆகியோர் இதனைக் கணக்கிட்டு ஆராய்ந்தனர். நாக்லர் என்பவருடன் அவர்கள் எழுதிய கட்டுரைகள் 1947இல் நூலாக வெளிவந்தன. அம்பைச் சேராத ஆற்றலை, அம்போடு கூடவே ஓடும் ஒரு மறைமுகச் சுமையாகக் கருதலாம் என்பது கிளாப்ஸ்டெக்கின் கருத்து. ஒரு வில்லுக்கு அச்சுமை ஏறக்குறைய மாறாதது. அது 8 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் அம்பை எய்தால் ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு வில்லிலேயே நின்றுவிடும். 32 கிராம் அம்பாயின் ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும். வில்லை மாற்றவில்லை, அம்பை மட்டுமே மாற்றினோம்.

வேடரின் அம்பு இலேசானதன்று. நீண்டு அகன்ற இரும்பு அலகு பூட்டப்பெற்றது. இறைச்சி அறுக்கும் கத்தியாகவும் அவ்வலகு பயன்பட்டது. 1660இல் கண்டி அரசிலே சிறைப்பட்டு 1679இல் தப்பிய ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகின்றார். வேடர் இரவிலே கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அலகின் வடிவில் ஓர் இலையையும் வெட்டி வைத்துச் செல்வராம். அளவு சொல்ல அவர்களுக்கு வேறு மொழி தேவைப்படவில்லை! விலங்கின் உடலில் ஆழப் பாய்வதற்காகவே அவ்விரும்பு வேண்டப்பட்டது. கையின் சுகம் கருதியன்று. எனினும் பாரமான அம்பு இரு பயனையும் ஒருங்கே தரும்.

எனவே அதிர்வு கண்டவர் முதலில் நிறுக்க வேண்டியது அம்பை. 40 இறாத்தல் இழுவையுள்ள மரபு வில்லுக்கு 26 கிராம் அளவான அம்பு பொருத்தமென்பர் பலர். அதனினும் பாரமான அம்பு கையை மேலும் காக்கும். ஆனால் மெதுவாகச் செல்லும், தொலைவில் தாழ்ந்து விழும். குறியின் தூரத்தை ஒட்டித் தேர்ந்துகொள்க.

அடுத்தது நாண் நிற்கும் உயரம். முற்காலத்து ஆங்கில வில்லாளர் பிடியின்மேல் முட்டியை வைத்துப் பெருவிரலை நிமிர்த்தி, அதன் நுனி நாணைத் தொடுகிறதா என்று பார்த்தனர். எதிர்வளைவு வில்லுக்கு இவ்வுயரம் பெரும்பாலும் 7 முதல் 8 அங்குலம் வரை. வில்லைச் செய்தவர் கூறிய அளவே முதன்மையானது. உயரம் குறைந்தால் நாணைச் சில முறுக்கு முறுக்கி ஏற்றி, மீண்டும் எய்து பார்க்கலாம். ஓசை தணியும் இடமே பெரும்பாலும் அதிர்வு தணியும் இடமும் ஆகும். பழைய வில்லுக்குச் சிறிது நெகிழும் டாக்ரான் நாணே ஏற்றது. நெகிழாத புதுவகை நாண்கள், அவற்றுக்கென்று செய்யப்படாத வில்லின் முனையைப் பிளந்துவிடக்கூடும். நாணில் கட்டும் கம்பளிக் குஞ்சங்கள் ஓசையைக் குறைக்கும். அதிர்வைக் குறைப்பது சொற்பமே.

இனிக் கை. வில்லைப் பற்றுதல் வேறு, தாங்குதல் வேறு. பிடி பெருவிரலின் அடிச்சதையில் அழுந்தினால் போதும், விரல்கள் தளர்ந்திருக்கட்டும். முழங்கையை முற்றும் விறைக்காமல் சிறிதே நெகிழ விடுக. வில் நழுவிவிடுமோ என்ற அச்சம் இருந்தால், மணிக்கட்டில் ஒரு தோல்வாரை மாட்டி வில்லோடு இணைத்துக்கொள்ளலாம். அச்சம் நீங்கினால் விரல்கள் தாமே தளரும். அம்பு குறியை அடையும்வரை கையைத் தாழ்த்தலாகாது.

வேடர் வேட்டையாடிய காட்டின் பெரும்பகுதி 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாக்கப்பட்டது, வேட்டையும் தடைப்பட்டது. இன்று தம்பானையில் வில் பெரும்பாலும் வருவோர்க்குக் காட்டப்படும் பொருளாயிற்று. வில் கையில் கிடைத்ததும் வெறும் நாணை இழுத்துவிட்டு ஒலி கேட்கும் ஆசை யாருக்கும் எழும். அதனை எவ்வில்லிலும் செய்யலாகாது. அம்பில்லாதபோது ஆற்றல் முழுவதும் வில்லின்மேலேயே திரும்புகின்றது. கரங்கள் சிதறி முகத்தில் தெறிக்கக்கூடும்.

நேற்றுவரை இல்லாத அதிர்வு இன்று புதிதாகத் தோன்றினால், நாணை இறக்கி, கரங்கள் இரண்டையும் பகலொளியில் விரலால் தடவிப் பார்க்கவேண்டும். மயிரிழைக் கீறல் ஒன்று தட்டுப்பட்டாலும் அவ்வில்லை மறுபடி வளைக்கலாகாது.