விடியற்காலையில் ஒரு குவளை நீர்



பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்பவர்கள் நீங்கள். பால்மரத்தை ஏன் அதிகாலையில் வெட்டுகின்றோம்? இரவில் இலைகள் வெளியிடும் நீர் குறைவு. வேர் உறிஞ்சிய நீர் மரத்தில் நிறைந்து நிற்பதால், பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்து பால் தாராளமாய் வடிகின்றது. வெயில் ஏற ஏற, நீர் ஆவியாகிப் பால் மட்டுப்படுகின்றது. இதனை உங்களைவிட நன்கறிந்தவர் யார்?

மனித உடலின் நிலையோ இதற்கு மாறானது. உறங்கும்போதும் நாம் மூச்சின் வழியும் தோலின் வழியும் நீரை இழக்கின்றோம். நம் உடல் எடையில் பாதிக்கு மேற்பட்டது நீரே. ஏழெட்டு மணி நேரம் நீரருந்தாதிருந்து, எழுந்ததும் அவ்வாறே உளியேந்தி நிரை நிரையாய் நடந்து வியர்வை சிந்தினால், தலைவலியும் தலைசுற்றலும் சோர்வும் வாராதிருக்குமா? நெடுநாள் நீர் குறைந்தால் சிறுநீரகத்தில் கற்கள் உண்டாகவும் வழி ஏற்படும்.

ஆகவே, எழுந்து வாய் கொப்பளித்ததும் ஒன்றிரண்டு குவளை நீரை நிதானமாய்ப் பருகுங்கள். மலச்சிக்கல் குறையவும் இது துணைபுரியும். வேலைக்காட்டிற்கும் ஒரு புட்டி நீர் கொண்டு செல்லுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாய் இறங்கினால், உடலுக்கு நீர் போதவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஆயினும், காலை நீரே நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் போக்கிவிடும் என்பாரை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தீங்கே. சிறுநீரக நோயும் இருதய நோயும் உடையோர் மருத்துவர் கூறும் அளவையே கைக்கொள்ள வேண்டும்.

கொதிக்க வைத்து ஆறிய நீரே நலம். ஓடை நீரையும் கால்வாய் நீரையும் அப்படியே அருந்தலாகாது; எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரக்கூடும்.

இறுதியாக ஒன்று. களைக்கொல்லியோ, பாலை உறைய வைக்கும் திராவகமோ இருந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தாதீர்கள். குடிநீர்ப் புட்டியில் அவற்றை ஊற்றியும் வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை, உள்ளிருப்பது என்னவென்று ஆராய்ந்து குடிப்பதில்லை.

நாளை காலை, உளியை எடுக்குமுன் குவளையை எடுங்கள்.