பாம்பு விழுங்கவில்லை, தோழர்களே!



2019 டிசம்பர் 26 காலை கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வானத்தில் சூரியன் ஒரு நெருப்பு வளையமாக நின்றது. அந்த நேரத்தில் எத்தனையோ வீடுகளில் கதவு சாத்தியிருந்தது; அடுப்பு எரியவில்லை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை இருட்டறையில் பட்டினியாக உட்கார வைத்தார்கள். கிரகணம் பட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்று பயம்.

பயந்தவர்களை ஏளனம் செய்ய நாம் வரவில்லை. பட்டப்பகலில் சூரியன் மங்கினால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். ராகு, கேது என்ற பாம்புக் கதை அந்தத் திகிலில் பிறந்தது. ஆனால் 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் கிரகணம் நிழலின் வேலை என்று எழுதிவிட்டார்.

"எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்னால் அழகு போய்விடுமே" என்கிறார்கள் சிலர். போகிறதா, பார்ப்போம்.

சூரியனின் குறுக்களவு சந்திரனைப்போல் சுமார் 400 மடங்கு. சூரியன் இருக்கும் தூரமும் சந்திரனின் தூரத்தைப்போல் ஏறக்குறைய அதே மடங்கு. ஆகவே இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. கண்ணருகே பிடித்த ஒற்றை ரூபாய், தூரத்து வண்டிச் சக்கரத்தை மறைக்கிற கணக்குத்தான்.

உடனே உபன்யாசகர் சொல்வார்: "பார்த்தீர்களா, ஆண்டவன் அளந்து வைத்த ஏற்பாடு!" அளந்து வைத்ததா? சந்திரனின் பாதை சரியான வட்டமல்ல. அது தள்ளி நிற்கும்போது சூரியனை முழுக்க மூடாது, ஓரம் மிஞ்சும். 2019-ல் தெரிந்த வளையம் அதுதான். 1969-ல் சந்திரனில் இறங்கியவர்கள் அங்கே கண்ணாடிகளை வைத்தார்கள். அவற்றின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி அளந்தபோது, சந்திரன் ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகிப் போவது உறுதியாயிற்று. கடலில் நீர் ஏறி இறங்குகிறதே, அந்த இழுபறியின் விளைவு இது. பல கோடி ஆண்டு சென்றபின் முழுச் சூரிய கிரகணமே இராது! இந்தப் பொருத்தம் யாரும் நமக்காக ஏற்பாடு செய்ததல்ல. ஓயாமல் நகரும் உலகத்தில் நம் காலத்துக்கு வாய்த்தது. பாம்புக் கதையைவிட இது அழகில் குறைந்ததா?

1868 ஆகஸ்ட் 18-ல் முழுக் கிரகணம் வந்தது. அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு விஞ்ஞானி ழான்சன் கருவியுடன் காத்திருந்து, சூரிய விளிம்பில் எழும் கொழுந்துகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அந்தக் கிரகணத்தில் வானியலார் கண்ட மஞ்சள் கோடு ஹீலியம் என்ற வாயுவின் அடையாளம் என்பது பின்னால் தெரிந்தது. 1895-ல் ராம்சே அதைப் பூமியிலும் பிரித்தெடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

தாய்மார்களே! உதடு பிளவு, கரு வளரும் முதல் மாதங்களில் நேரும் குறை. அதற்கும் வானத்து நிழலுக்கும் சம்பந்தமில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வேளைக்குச் சோறும் தண்ணீரும் கொடுங்கள். சூரியனை மட்டும் வெறுங்கண்ணால் யாரும் பார்க்க வேண்டாம். அதன் ஒளி கண்ணைக் கெடுத்துவிடும்.

அடுத்த கிரகணம் வரும்போது பிள்ளைகளைப் புளியமரத்தடிக்கு அழைத்து வாருங்கள். இலை இடுக்கில் விழும் வெளிச்சப் பொட்டு ஒவ்வொன்றும் பிறையாக மாறியிருக்கும். ஆலைக் கூரைத் தகட்டின் ஓட்டையும் அதே பிறையைத் தரையில் வரையும். "ஏன்?" என்று பிள்ளை கேட்கும். அதற்குப் பதில் இப்போது உங்களிடம் இருக்கிறது, சொல்லுங்கள்!