நரையும் ஒரு சம்பாத்தியமே!

(ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலையில் வேலை பார்த்த காலத்தில், ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது இருபது வயது வாலிபனுக்கும் தலை வெள்ளையாகத்தான் இருக்கும். தலை நிறையப் பஞ்சு! வீட்டுக்குப் போய் நாலு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி வாலிபனாகி விடலாம். இப்போதும் நாங்கள் தினம் தலை முழுகித்தான் பார்க்கிறோம். வெள்ளை போகக் காணோம்!

காதும் அப்படித்தான். தறிச் சத்தத்திலேயே முப்பது வருஷம் நின்ற காது. 'ரேஷன் கடைக்குப் போய் வாருங்கள்' என்று வாசலில் நின்று கூவினாலும் விழாது. அடுக்களையில் 'காப்பி' என்று முணுமுணுத்தால் மட்டும் எப்படியோ விழுந்துவிடுகிறது. ஆயுசு முழுவதும் குனிந்து நாற்று நட்ட நம் சகோதரிகளைக் கேளுங்கள். கொஞ்சம் நிமிர்ந்து நடக்கலாம் என்று பார்த்தால், 'இதென்ன புதுப் பழக்கம்?' என்று முதுகு கேட்கிறதாம்!

சிரியுங்கள், தோழர்களே, நன்றாகச் சிரியுங்கள். நம் உடம்பைப் பார்த்து நாமே சிரிக்க நமக்கு உரிமை உண்டு. ஏனென்றால் இந்த நரை நாம் சம்பாதித்தது.

நாடு விடுதலை அடைந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். பிறந்த குழந்தைகளில் பலர் தவழும் முன்பே மாண்டதால் கணக்கு அவ்வளவு கீழே கிடந்தது. இன்று அது 70ஐ ஒட்டி நிற்கிறது. வீடு வீடாக வந்து அம்மை குத்தியவர்களை நினைத்துப் பாருங்கள். நடு ராத்திரியில் பிரசவம் பார்க்க ஓடி வந்த மருத்துவச்சிகளை நினைத்துப் பாருங்கள். 1975க்குப் பிறகு பெரியம்மை இந்த நாட்டில் யாரையும் தீண்டவில்லை. நம் நரையில் அவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு.

ஆலைக்கு வருவோம். வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வரம்பு கட்டியது. ஐந்து வருஷம் வேலை செய்தவருக்கு, செய்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் கூலி என்று 1972இல் பணிக்கொடை சட்டமாயிற்று. பெயர்தான் கொடை! வெயிலில் ஆலை வாசலில் நின்றவர்கள், சம்பளம் இழந்தவர்கள், வேலையே இழந்தவர்கள் கேட்டு வாங்கித் தந்த பாக்கி அது. அவர்களில் பலருக்கு நரைக்கவே அவகாசம் கிடைக்கவில்லை. தலையில் படிந்த பஞ்சு குளித்தால் போயிற்று. நெஞ்சுக்குள் போன பஞ்சு போகவில்லை. இருமி இருமியே மாண்டார்கள். வயதாகிவிட்டதே என்று நாம் அழுதால், அவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஆனால் வயலில் உழைத்தவருக்குப் பணிக்கொடை ஏது? ஓய்வு பெறும் நாள்தான் ஏது? முதியோர் உதவித்தொகை ஒன்றையே பலரும் நம்பியிருக்கிறார்கள். சென்னை ராஜ்யத்தில் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய தொகை அது. 2023இல் 1,200 ரூபாயாயிற்று. அதையும் வாங்கப் போனால் விரல் ரேகை கேட்கிறது கருவி. ஆலைப் பென்ஷன்காரரோ, உயிரோடு இருப்பதாக வருஷத்துக்கு ஒருமுறை சான்று தர வேண்டும். ஆள் நேரில் நின்றாலும் கருவிக்கு ரேகைதான் வேண்டும்! ரேகைக்கு எங்கே போவது? எங்களுடையது நூலோடு போயிற்று. அவர்களுடையது நாற்றோடு போயிற்று. 'ஆள் சரியில்லை' என்று கருவி சொல்லும்போது சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

வாலிபத் தோழர்களே! முன்னவர் தந்ததைப் பின்னவருக்குச் சேர்ப்பதுதான் நன்றி. கைபேசியில் முகத்தைக் காட்டியே உயிர்ச் சான்று பதிவு செய்யும் வசதி வந்திருக்கிறது. உங்கள் தெருவில் ஒரு பெரியவருக்காவது அதைச் செய்து கொடுங்கள். மனு எழுதத் தெரியாத ஒரு பாட்டியைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போங்கள். வயலில் உழைத்தவருக்கும் கௌரவமான பென்ஷன் வேண்டும் என்று கேட்கக் கிளம்புங்கள், நாங்களும் வருகிறோம்.

எங்கள் கால் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் ஊர்வலத்தில் எங்களை முன்னால் விடுங்கள். அப்போதுதான் ஒருவரும் பின்தங்க மாட்டார்கள்!